சென்னை – கன்னியாகுமரி சைக்கிள் பயணம்: ராமேஸ்வரத்தில் ஓய்வு நாளை எப்படிக் கழிப்பது?

வேளச்சேரி பெடல்:

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜனவரி இரண்டாம் வாரம் நாங்கள் ஐந்து பேர் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடற்கரை ஓரமாகவே சைக்கிளில் போகிறோம். வாடைக்காற்று முதுகில் இருக்கும் என்பதால்தான் ஜனவரி. ஐந்து பேரில் இரண்டு பேர் 200 கி.மீ. ப்ரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) முடித்தவர்கள். மற்ற மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் போய்த் திரும்புகிறவர்கள்தான். எனக்கும் இதுதான் முதல் நீண்ட பயணம்.

திட்டம் இப்படி: முதல் நாள் புதுச்சேரி, இரண்டாம் நாள் தரங்கம்பாடி, மூன்றாம் நாள் முத்துப்பேட்டை, நான்காம் நாள் தொண்டி, ஐந்தாம் நாள் ராமேஸ்வரம். ஆறாம் நாள் ஓய்வு. அப்புறம் சாயல்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி. முதல் நாள் மட்டும் 150 கி.மீ. வரும். மற்ற நாட்கள் 90 முதல் 120 வரை.

பிரச்சினை அந்த ஆறாம் நாளில்தான். இரண்டு பேர், "ஓய்வு என்றால் ஓய்வு, கதவைச் சாத்திக்கொண்டு சாயங்காலம் வரை தூங்கப் போகிறோம்" என்கிறார்கள். ஒருவர், "இவ்வளவு தூரம் வந்துவிட்டு தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனைக்குச் சைக்கிளில் போகாமல் வருவதா? போக வர 40 கி.மீ.தானே" என்கிறார். இன்னொருவர் கோயிலுக்குப் போனால் போதும் என்கிறார். எனக்கு எல்லோரும் சேர்ந்து எங்காவது போக வேண்டும் என்று ஆசை. ஆனால் மறுநாள் 110 கி.மீ. மிதிக்க வேண்டும் என்பதால் வற்புறுத்தப் பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ராமேஸ்வரத்தில் ஓய்வு எடுப்பது சரிதானா, இல்லை அதற்கு முன்பே வேறு ஊரில் எடுக்கலாமா?


பாண்டி ரோடு:

புதுச்சேரியில் மட்டும் வேண்டாம். முதல் நாளே நின்றுவிட்டால் கால் பழகுவதற்குள் ஓய்வு வந்துவிடும்.

என் ஓட்டு சிதம்பரத்துக்கு. பிச்சாவரம் அங்கிருந்து ஏறக்குறைய 15 கி.மீ. ஆட்டோவில் போய்விடலாம். காலையிலேயே படகுத் துறைக்குப் போய்த் துடுப்புப் படகு எடுங்கள். மோட்டார் படகில் போனால் சத்தம்தான் கேட்கும், குறுகிய வாய்க்காலுக்குள்ளும் நுழைய முடியாது. சுரபுன்னை வேர்களுக்கு நடுவே படகுக்காரர் துடுப்புப் போடும்போது நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம். கால் எதுவும் செய்யாமல் இடம் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும், சைக்கிள்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தில்லை மரத்தைக் காட்டச் சொல்லுங்கள், சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது அதனால்தான். ஆனால் அதன் பாலைத் தொட்டுவிட்டுக் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

ராமேஸ்வரம்தான் என்று முடிவு செய்துவிட்டால், தரங்கம்பாடியில் சாயங்காலம் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது. மதில் ஓரம் உட்கார்ந்தாலே போதும்.


வைகைக்கரை:

இடத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் வேலைகளைச் சொல்கிறேன். ஓய்வு நாள் வேலையில்லாத நாள் என்று நினைத்துக்கொண்டு போனால் சாயங்காலம் அலைய வேண்டியிருக்கும்.

எழுந்தவுடன் முதல் வேலை துணி துவைப்பது. குறிப்பாக உள்ளே மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டை. ராமேஸ்வரத்தில் காற்றுக்குக் குறைவில்லை, ஆனால் காற்றில் உப்பு ஈரம் உண்டு. காலையில் போட்டால்தான் இரவுக்குள் மெத்தை உள்வரை காயும். ஈரத்தோடு மறுநாள் போட்டுக்கொண்டால் தொடை இடுக்கில் புண் வந்துவிடும். எனக்கு ஒரு பயணத்தில் மீதி மூன்று நாளும் அந்தப் புண்ணோடுதான் போயிற்று, பெண்கள் இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு இன்னும் கெடுத்துக்கொள்கிறார்கள். புண் வரும் போலத் தோன்றினால் கழுவி, நன்றாக உலரவிட்டு, தளர்வான பருத்தித் துணி உடுத்திக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு அதுதான் ஓய்வு.

இரண்டாவது சாப்பாடு. மிதிக்கவில்லையே என்று அன்றைக்குக் குறைத்துவிடாதீர்கள். தசையில் தீர்ந்துபோன சர்க்கரைச் சத்து திரும்ப நிறைவது அன்றைக்குத்தான். சோறு, இட்லி, வாழைப்பழம், கூடவே மோர். தண்ணீரும் பயண நாள் மாதிரியே குடியுங்கள்.

சைக்கிளில் போகலாமா என்றால், சின்ன கியரில் அரை மணி நேரம் சும்மா சுற்றுவது காலுக்கு நல்லதுதான். 40 கி.மீ. அதில் சேராது. திறந்த கடற்காற்றில் சேரவே சேராது.


கீழக்காற்று:

தம்பி, நீங்கள் போட்டிருக்கும் திட்டமும் 2024 ஜனவரியில் நாங்கள் போன வழியும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நாங்கள் நான்கு பேர், எல்லோருக்கும் 50ஐ ஒட்டிய வயது. நான், பள்ளி வாத்தியாராக இருக்கும் ஒரு நண்பர், லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு நண்பன், அப்புறம் என் மச்சான். பட்டறைக்காரனும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் பாம்பன் பாலம் ஏறினோம். அதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சாலைப் பாலம் 2 கி.மீ.க்கு மேல் நீளம், நடுவில் உயர்ந்து இறங்கும். ஜனவரியில் காற்று இடது பக்கத்திலிருந்து வரும். பஸ் கடந்து போகும்போது ஒரு நொடி காற்று நின்று, உடனே மறுபடி அடிக்கும். அந்த ஒரு நொடியில்தான் ஹேண்டில் ஆடும். வேடிக்கை பார்க்க நிறுத்திய வண்டிகள் வேறு ஓரத்தை அடைத்துக்கொண்டிருக்கும். உச்சியில் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டே நடந்தோம். அப்போது 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தில் வண்டி ஓடவில்லை, பக்கத்திலேயே புதியதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது புதுப் பாலத்தில் ரயிலே ஓடுகிறது, பார்த்துவிட்டு வாருங்கள்.

ஓய்வு நாளுக்கு வருகிறேன். எங்களுக்குள்ளும் இதே வாக்குவாதம்தான். கடைசியில் மூன்றை முடிவு செய்தோம். சைக்கிள் நான்கும் விடுதியை விட்டு வெளியே வராது. காலையில் அவரவர் விருப்பம். பத்து மணிக்கு நான்கு பேரும் டவுன் பஸ்ஸில் தனுஷ்கோடி. மூன்றாவதை நான்தான் பிடிவாதமாகச் சொன்னேன். ஐந்து நாளாக முன்னால் போகிறவன் முதுகைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. வரிசையில் போகும்போது பேச்சு என்றால் "குழி", "லாரி", "தண்ணி" இவ்வளவுதான். ராத்திரி சாப்பிட்டதும் எல்லோரும் விழுந்துவிடுவோம். நண்பர்களோடு வந்தேனா, மூன்று சட்டை முதுகுகளோடு வந்தேனா என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

விடியற்காலையில் நானும் வாத்தியாரும் மட்டும் தீர்த்தமாடப் போனோம். அக்னி தீர்த்தம் என்கிற கடலில் முழுகிவிட்டு, ஈரத்துணியோடு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். ஒவ்வொரு கிணற்று மேட்டிலும் ஒருவர் வாளியைக் கயிற்றில் விட்டு இறைத்துத் தலையில் ஊற்றுவார். வெயிலில் கருகியிருந்த பின்கழுத்தில் முதல் வாளி விழுந்ததும் எனக்கு மூச்சே நின்று வந்தது. ஒரு கிணறு சில்லென்று, அடுத்தது வெதுவெதுப்பாக. உதட்டில் பட்ட நீர் ஒன்றில் உப்பு, இன்னொன்றில் உப்பே இல்லை. தரை முழுக்க ஈரம், கருங்கல் வழுக்கும். ஐந்து நாள் மிதித்த முழங்காலோடு அவசரப்பட்டு நடக்காதீர்கள். முடித்துவிட்டு உலர்ந்த வேட்டியோடு மூன்றாம் பிரகாரத்தில் நடந்தோம். இரண்டு பக்கமும் தூண், நடுவில் குளிர்ந்த கல் தரை. வெறுங்காலோடு மெதுவாக ஒரு சுற்று நடந்ததில் என் கெண்டைக்கால் இளகியது, எந்த நீட்டல் பயிற்சியிலும் அது கிடைத்ததில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தனுஷ்கோடிச் சாலையைப் பார்த்தபோது, சைக்கிளை விட்டுவிட்டு வந்தது எவ்வளவு சரி என்று புரிந்தது. முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் இரண்டு பக்கமும் கடல்தான். காற்று பக்கவாட்டில். மணல் தரையோடு தரையாக நகர்ந்து சாலையைக் குறுக்கே கடக்கிறது, தூரத்திலிருந்து புகை ஓடுகிற மாதிரி இருக்கும். அந்த மணலும் உப்புச் சாரலும் செயினுக்குள் போனால், மறுநாள் நிழலே இல்லாத சாயல்குடிப் பாதையில் அது கறகறவென்று கத்திக்கொண்டே வரும். அங்குள்ளவர்கள் வடக்குக் கடலைப் பெண் கடல், தெற்குக் கடலை ஆண் கடல் என்பார்கள். ஒன்று அமைதி, ஒன்று ஆக்ரோஷம். நாங்கள் போன அன்று வாடை அடித்ததால் வடக்குக் கடல்தான் குதித்துக்கொண்டிருந்தது, தெற்கே தட்டு மாதிரி கிடந்தது.

பழைய தேவாலயம் இருக்கும் இடத்தில் இறங்கிக்கொண்டோம். எழும்பூரிலிருந்து போட் மெயில் ரயில் வந்து நின்ற ஊர் இது. இங்கே கப்பல் ஏறினால் இலங்கையின் தலைமன்னார். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வந்த புயலில் ஊரும் போயிற்று, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் ஆட்களோடு போயிற்று. வாத்தியார் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அப்பா அந்தப் போட் மெயிலில் கொழும்புக்குப் போனவர். மளிகைக் கடையில் கணக்கு எழுதப் போய், மூன்று வருடம் கழித்து இதே துறையில் இறங்கி ஊர் திரும்பியிருக்கிறார். 20 வருடப் பழக்கத்தில் அவர் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

தேவாலயச் சுவர் பவளப்பாறைக் கல்லால் கட்டியது. பூச்சு உதிர்ந்த இடத்தில் கல்லைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சிலதில் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள். சிலதில் நட்சத்திரம் நட்சத்திரமாக, ஒவ்வொன்றுக்குள்ளும் நடுவை நோக்கி மெல்லிய தகடுகள். ஒரு காலத்தில் ஒவ்வொரு அறையிலும் ஓர் உயிர் இருந்திருக்கிறது. பட்டறைக்காரனுக்கு இரும்பை விரலால் தடவியே வழவழப்புச் சொல்கிற கை. அவன் வலது கையை அந்தக் கல்லில் வைத்து மெதுவாகத் தடவினான். அப்புறம் இடது கையை வைத்தான். மறுபடி வலது கை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"டேய், இந்த ரெண்டு விரலுக்கும் சொரசொரப்பு தெரியலடா" என்றான். மோதிர விரலும் சுண்டு விரலும். முத்துப்பேட்டையிலிருந்தே அப்படித்தானாம். இரண்டு நாளாக எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. தொண்டிக்கு வரும்போது அவன் பிரேக்கை விட்டுவிட்டுக் கையை உதறியதை மச்சான் பின்னாலிருந்து பார்த்திருக்கிறான், ஈ விரட்டுகிறான் என்று நினைத்திருக்கிறான்.

அங்கேயே மணலில் உட்கார்ந்து பேசினோம். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து அடியில் ஒரு நரம்பு போகிறது. ஹேண்டில்பாரில் நாள் கணக்காக உடம்பு எடையைச் சாய்த்து அழுத்தினால் அந்த இரண்டு விரலும் மரத்துப்போகும். சைக்கிள்காரர்களுக்கு அடிக்கடி வருவதுதான், ஆனால் கவனிக்காமல் மிதித்துக்கொண்டே போனால் பிடியின் பலம் குறையும், குணமாகவும் நாளாகும். அவனுக்கு அது விரல் பிரச்சினை மட்டும் இல்லை. அந்தக் கைதான் அவன் தொழில். பயத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு 200 கி.மீ. மிதித்திருக்கிறான். சொன்னால் எங்கள் பயணம் கெட்டுவிடும் என்று நினைத்தானாம். எனக்கு அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அவனுக்குப் பின்னாலேயே தினமும் 5 மணி நேரம் மிதித்தவன் நான்.

அதற்கப்புறம் நேரம் போனதே தெரியவில்லை. ஒரு பாட்டி கடலிலிருந்து சில எட்டுகள் தள்ளி மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கை நீட்டினோம், ஊற்றினார். நல்ல தண்ணீர்! பெய்த மழை மணலில் இறங்கி, கனமான உப்பு நீருக்கு மேலே மிதந்து நிற்கும் என்று வாத்தியார் விளக்கினார். பக்கத்துக் குடிசைக் கடையில் பாறை மீன் துண்டு பொரித்துத் தந்தார்கள், சோறும் குழம்பும் இருந்தது. அரிச்சல்முனையில் கடலில் இறங்காதீர்கள், நீரோட்டம் இழுக்கும். மணலில் ரொம்ப தூரம் நடக்கவும் வேண்டாம். மச்சான் ஆசைப்பட்டு நுனி வரை நடந்தான், மறுநாள் காலையில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இருட்டுவதற்கு முன்பே போலீஸார் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் இரண்டு மணிக்கெல்லாம் திரும்பும் பஸ்ஸைப் பிடித்துவிட்டால் அறைக்கு வந்து நன்றாகத் தூங்கவும் நேரம் கிடைக்கும்.

சாயங்காலம் அவன் சைக்கிளைச் சரிசெய்தோம். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்கு மேலே இருந்த வளையங்களைக் கீழே போட்டு ஹேண்டில்பாரை இரண்டு செ.மீ. உயர்த்தினோம். இருக்கையின் மூக்கு முன்பக்கம் சாய்ந்திருந்தது, அதனால்தான் உடம்பு முழுக்கக் கைக்குச் சரிந்திருக்கிறது. அதை மட்டமாக்கினோம். பழைய ட்யூபை வெட்டிப் பிடியில் சுற்றினோம். மறுநாளிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னாலிருந்து நான் "கை!" என்று கத்துவேன், அவன் பிடியை மாற்றுவான். மரப்பு அதிகமானால் தூத்துக்குடியில் பஸ் ஏறிவிட வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அதிகமாகவில்லை. கன்னியாகுமரி வரை வந்தான். ஊர் திரும்பியதும் டாக்டரிடம் காட்டினான், உணர்வு முழுதாகத் திரும்ப ஆறு வாரம் ஆயிற்று.

ஆகவே தம்பி, ராமேஸ்வரமே சரி. அதுவரை ஐந்து நாள் மிதித்ததில் உடம்பு எங்கே இடிக்கிறது என்று தெரிந்திருக்கும், திருத்திக்கொள்ள இன்னும் மூன்று நாள் மீதி இருக்கும். சிதம்பரம் அதற்கு முந்திவிடுகிறது. தூங்குகிறவர்கள் ஒன்பதரை வரை தூங்கட்டும். ஆனால் பத்து மணி பஸ்ஸுக்கு ஐந்து பேரும் வர வேண்டும்.


வேளச்சேரி பெடல்:

அண்ணா, இரண்டு முறை படித்தேன். மிக்க நன்றி. வைகைக்கரை அக்கா, நீங்கள் சொன்ன துணிக் கணக்கு எங்கள் ஐந்து பேருக்குமே தோன்றாதது, குறித்துக்கொண்டேன். பாண்டி ரோடு, பிச்சாவரத்துக்குப் பிப்ரவரியில் வீட்டோடு போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். அரிச்சல்முனைக்குச் சைக்கிளில்தான் போவேன் என்கிற நண்பரை என்ன செய்வது? அவர் சொன்னால் சொன்னதுதான்.


கீழக்காற்று:

தடுக்காதீர்கள். அவருக்கு அது பல வருட ஆசையாக இருக்கலாம். விடிந்ததும் கிளம்பி, சின்ன கியரிலேயே போய், ஒன்பது மணிக்குள் திரும்பிவிடட்டும். வந்ததும் ஈரத்துணியால் செயினையும் ரிம்மையும் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணி, அப்புறம் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டாம், உப்பு உள்ளேதான் போகும். பத்து மணிக்கு அவரும் உங்களோடு பஸ் ஏற வேண்டும், காலையில் பார்த்த இடத்தையே மறுபடி பார்க்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

கிளம்புவதற்கு முன்பே ஒரு நாள் ஐந்து பேரையும் உட்காரவைத்து, கை விரல் மரத்துப்போகிறதா என்று கேளுங்கள்.


வேளச்சேரி பெடல்:

நேற்று ராத்திரியே போனில் எல்லோரையும் சேர்த்துக் கேட்டுவிட்டேன் அண்ணா. மூன்று பேர் ஒன்றும் இல்லை என்றார்கள். அரிச்சல்முனை நண்பர் மட்டும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், மாமல்லபுரம் போய் வந்தால் இடது சுண்டு விரல் திங்கட்கிழமை மத்தியானம் வரை மரத்திருக்கும் என்றார். எட்டு மாதமாக அப்படியாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ரைடு இல்லை, ஐந்து பேரும் அவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம். அவர் இருக்கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்க்க ரசமட்டம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.